பெதூலாஸ் கிராமத்தில் ஒரு ஈஸ்டர் வாரம்

முதல் நாள், புதன்

காலை எட்டு மணிக்கு நிகோசியாவை விட்டுக் கிளம்பினேன். சைப்ரஸில் நம் ஊர் போலவே இடதுபுறம்தான் வண்டி ஓட்ட வேண்டும். 1878 முதல் 1960 வரை பிரிட்டிஷார் ஆண்டபோது வந்த பழக்கம். அதனால் வாடகைக் காரை நம்பி மலையேறத் தயக்கம் இல்லை. சமவெளி முழுக்க பார்லி வயல், வரப்பெல்லாம் சிவப்பு பாப்பிப் பூ. முன்னால் த்ரோதோஸ் மலைத்தொடர். அதன் உச்சி ஒலிம்பஸ், 1,952 மீட்டர்.

இந்த மலையில் ஓவியம் தீட்டிய ஆர்த்தடாக்ஸ் கோயில்கள் பத்து, யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கின்றன. 1985இல் ஒன்பது, 2001இல் இன்னொன்று. அந்தப் பத்தில் மூன்று, மராத்தாஸா என்ற ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்த ஊர்களில் உள்ளன: பெதூலாஸ், மூதுல்லாஸ், கலோபனயோத்திஸ். பத்தையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம், இந்த மூன்று போதும் என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறேன். 2025இல் மேற்கத்திய ஈஸ்டரும் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரும் ஒரே நாளில், ஏப்ரல் 20 அன்று வந்தன. பெரிய வாரத்தை பெதூலாஸிலேயே கழிக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

ஆனால் போகும் வழியில் ககோபெத்ரியா இருக்கிறது. அங்கே நிற்காமல் போக மனம் வரவில்லை. ஊரைத் தாண்டி சுமார் மூன்று கிலோமீட்டர் மேலே, ஆற்றோரம் மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய ஓட்டு வீடு. தானியக் கிடங்கு என்று சொன்னாலும் நம்பலாம். அதுதான் புனித நிக்கோலாஸ் கோயில். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே குவிமாடம்! வெளியில் எங்கேயும் அது தெரியவில்லை.

11ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர்கள் முறைப்படி குவிமாடம் வைத்துத்தான் கட்டினார்கள். ஆனால் மலையில் பனி பொழிகிறது, மழை அடிக்கிறது. பிறகு வந்தவர்கள் குவிமாடத்தை இடிக்கவில்லை. அதற்கு மேலேயே மரத்தால் செங்குத்தான கூரை போட்டு ஓடு வேய்ந்துவிட்டார்கள். கோயிலுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ‘ஆயியோஸ் நிகோலாஓஸ் திஸ் ஸ்தேயிஸ்’ என்றால் கூரையின் புனித நிக்கோலாஸ். ஒரு சாமியின் பெயரோடு கூரை சேர்ந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் கூரையின் தயவில் 11 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை தீட்டிய சுவரோவியங்கள் உள்ளே பிழைத்திருக்கின்றன. உறைந்த ஏரியில் குளிரில் நடுங்கிச் சாகும் செபாஸ்தே நகரத்து நாற்பது வீரர்கள். லாசரு உயிரோடு எழுந்து வரும் காட்சி. போன சனிக்கிழமைதான் இவர்களுக்கு லாசருவின் சனிக்கிழமை. உயிரோடு எழுந்த லாசரு பிறகு இந்தத் தீவுக்கு வந்து லார்னகாவில் ஆயராக இருந்தார் என்பது இங்குள்ள நம்பிக்கை. ஆகவே லாசரு இவர்களுக்கு வேதத்தில் வரும் யாரோ ஒருவர் இல்லை, உள்ளூர்க்காரர்.

14ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றில் மரியாள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். நான் வளர்ந்த சி.எஸ்.ஐ. ஆலயத்தில் சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு, நடுவில் ஒரு மரச் சிலுவை, அவ்வளவுதான். கடவுளின் தாய் மார்பைத் திறந்து பிள்ளைக்கு ஊட்டும் படத்துக்குக் கீழே நின்று ஒரு ஊரே ஜெபம் செய்திருக்கிறது என்பது எனக்குள் எதையோ அசைத்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

மதியத்துக்கு மேல் மலை உச்சிச் சாலை. பைன் மரங்களின் நிழலில் அங்கங்கே அழுக்குப் பனி மிச்சம் கிடந்தது. ப்ரோத்ரோமோஸ் என்ற ஊரைத் தாண்டி வண்டி இறங்கத் தொடங்கியதும், ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாகத் திறந்துகொண்டது. செர்ரி பூத்திருக்கிறது. பெதூலாஸ் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள செர்ரி ஊர். சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவே கடந்த நூற்றாண்டில் கட்டிய பெரிய வெள்ளைக் கோயில். நான் தேடி வந்த பழைய கோயிலை மேலேயிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வீடுகளோடு வீடாகக் கலந்து கிடந்தது.

தங்கும் வீட்டை நடத்தும் அம்மாவை எல்லோரும் ‘கிரியா’ என்கிறார்கள், நம் ‘அம்மா’ மாதிரி மரியாதைச் சொல். நானும் அப்படியே கூப்பிட்டேன். இரவு விரதச் சாப்பாடு: அவரைப் பருப்பு, ஆலிவ், ரொட்டி. பெரிய வாரத்தில் பால், முட்டை, இறைச்சி எதுவும் வீட்டுக்குள் வராது.


இரண்டாம் நாள், வியாழன்

பழைய கோயிலுக்கு எதிரே ஒரு சின்ன அருங்காட்சியகம். சாவி அங்கே. அங்கிருந்த பெரியவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “படம் எடுக்க வந்தாயா, பார்க்க வந்தாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்க்க வந்தேன் என்றதும் எழுந்து கூடவே நடந்தார். உள்ளே ஃபிளாஷ் போட அனுமதி இல்லை. நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

திறப்பதற்கு முன்னால் வெளியே நின்று கூரையைக் காட்டினார். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சரிந்து, கையை உயர்த்தினால் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து வருகிறது. தட்டை ஓடுகள். ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் ஒரு கொக்கி. கைமரத்தின் மேல் அடித்த ரீப்பர் கட்டையில் அந்தக் கொக்கியை மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். “பனி நிற்காது, வழுக்கி விழுந்துவிடும்” என்று கையைச் சரித்துக் காட்டினார். இந்த மாதிரிச் செங்குத்து மரக்கூரைக் கோயில்கள் த்ரோதோஸ் மலைக்கே உரியவை. ஆடம்பரம் என்று ஒன்றும் இல்லை. கல், மண், பைன் மரம், ஓடு. தங்கள் வீட்டுக்கு என்ன தெரியுமோ அதையே சாமிக்கும் செய்திருக்கிறார்கள்.

கதவு தாழ்வானது, குனிந்துதான் போக வேண்டும். முதலில் வெறும் இருட்டு, மெழுகு வாசனை. நின்றுகொண்டே இருந்தேன். கண் பழகப் பழக சுவரிலிருந்து ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. தீர்க்கதரிசிகள், போர்வீரப் புனிதர்கள், கிறிஸ்துவின் பிறப்பு, ஞானஸ்நானம், பாடுகள். எல்லாம் என் வீட்டு முன்னறை அளவுள்ள ஓர் அறைக்குள். வடக்குச் சுவரில் மற்ற எல்லோரையும் விடப் பெரியவராக மிகாவேல் தூதர், சிறகு விரித்து நிற்கிறார். கோயில் அவர் பேரில்தான்.

வடக்கு வாசலுக்கு மேலே கிரேக்கத்தில் ஒரு கல்வெட்டு போல எழுதிய வரிகள். பெரியவர் வாசித்துச் சொன்னார். கட்டியவர் பசிலியோஸ் என்ற குருவானவர். வருஷம் 1474. வரைந்தவர் மினாஸ், இதே மராத்தாஸா பள்ளத்தாக்குக்காரர். எழுத்துக்குப் பக்கத்தில் அந்த பசிலியோஸே நிற்கிறார், கையில் இந்தக் கோயிலின் சின்ன உருவத்தை ஏந்தி மிகாவேலிடம் நீட்டிக்கொண்டு. அதே சரிந்த கூரை, அதே ஓடு! அவருக்குப் பின்னால் அவர் மனைவி, அப்புறம் இரண்டு பெண் பிள்ளைகள்.

ஆர்த்தடாக்ஸ் சபையில் திருமணமானவரும் குருவாகலாம். ஆனால் பட்டம் பெறும் முன்பே கல்யாணம் முடிந்திருக்க வேண்டும். அதனால் ஒரு குருவின் குடும்பம் சுவரில் இருப்பது விசித்திரம் இல்லை. என்னை அங்கேயே பிடித்து நிறுத்தியது அந்தப் பிள்ளைகள்தான். ஒரு கிராமத்து ஐயர் மிச்சம் பிடித்த காசில் கோயில் கட்டி, ஓவியரைக் கூப்பிட்டு, “என் பெண்களையும் போடு” என்று சொல்லியிருக்கிறார். பெண்களும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். 550 வருஷமாக நிற்கிறார்கள்.

அந்த 1474ஐ நினைத்துப் பாருங்கள். கான்ஸ்டான்டினோபிள் 1453இல் விழுந்துவிட்டது. சைப்ரஸை 1192 முதல் ஆண்டுவந்த பிரெஞ்சு லூசிஞ்ஞான் வம்சத்தின் கடைசிக் குழந்தை ராஜா இறந்ததும் அதே 1474இல்தான். அவன் தாய் கத்தரீனா கொர்னாரோ தனியாக அரியணையில் இருந்தாள். 1489இல் வெனிஸ் அவளிடமிருந்து தீவையே எடுத்துக்கொண்டது. கீழே சமவெளியில் ஆளுகிறவர்கள் மாறிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே இவர்கள் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள்.

சில முகங்களில் கண்ணைச் சுற்றிச் சுரண்டல் தெரிந்தது. கீழ்வரிசைப் புனிதர்களின் பாதங்கள் தேய்ந்திருந்தன. “அது முத்தம்” என்றார் பெரியவர். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

மாலையில் பெரிய வெள்ளைக் கோயிலில் பன்னிரண்டு சுவிசேஷ ஆராதனை. பாடுகளின் வரலாற்றைப் பன்னிரண்டு பகுதிகளாக வாசிக்கிறார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கிழவிகள் கைக்குட்டையில் மெழுகுவர்த்தியைச் சுற்றிப் பிடித்து நிற்கிறார்கள். ஐகான் என்ற புனிதப் படங்களின் மேல் கறுப்புத் துணி. ஐந்தாம் பகுதி முடிந்ததும் விளக்குகளை அணைத்தார்கள். குருவானவர் ஆளுயரச் சிலுவையைத் தோளில் சுமந்து இருட்டில் மெதுவாக வந்தார். மணி ஒற்றையாக அடித்தது. எனக்கு முன்னால் நின்ற பெரிய மீசைக்காரர் சின்னப் பிள்ளை போல அழுதார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.


மூன்றாம் நாள், பெரிய வெள்ளி

காலையில் கிரியா என்னை எழுப்பி, தோட்டத்திலிருந்து ஒரு கூடைப் பூவைக் கையில் கொடுத்து, “கோயிலில் கொடுத்துவிட்டுப் போ” என்றார். அங்கே பெண்களும் சிறுமிகளும் தரை முழுக்கப் பூ கொட்டி வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எபிதாஃபியோஸ் என்பது கிறிஸ்துவின் சவப்பாடை. மரத்தில் செதுக்கிய நான்கு தூண், மேலே விதானம். அதன் மரமே தெரியாதபடி பூவால் மூட வேண்டும். எலுமிச்சைப் பூ, ரோஜா, செர்ரிக் கிளை. நூலால் கட்டும் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். துக்க வீட்டு வேலை போலவும் இருந்தது, கல்யாண வீட்டு வேலை போலவும் இருந்தது.

அங்கிருந்து மூதுல்லாஸுக்கு நடந்தே இறங்கினேன். சாலையோரத்தில் தபால் பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னக் கோயில்கள். கண்ணாடிக்குள் ஒரு ஐகான், எண்ணெய் விளக்கு, ஒரு தீப்பெட்டி. யாரோ தினமும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஒன்றில் விளக்கு அணைந்திருந்தது. தயங்கி, பிறகு அந்தத் தீப்பெட்டியிலேயே ஏற்றிவிட்டு நடந்தேன்.

மலைக்குள் ஏன் இத்தனை கோயில் என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை 13ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. லூசிஞ்ஞான்களோடு லத்தீன் சபையும், அதாவது போப்பின் கத்தோலிக்க சபையும், வந்தது. 1260இல் போப் நான்காம் அலெக்சாந்தர் இட்ட ஆணை, கிரேக்க ஆயர்களை லத்தீன் பேராயருக்குக் கீழே வைத்தது. கிரேக்க ஆயர்களின் தலைமையிடங்கள் பெரிய நகரங்களை விட்டு உள்ளூர்களுக்குப் போயின. நிகோசியா ஆயருக்குக் கிடைத்த இடம், நான் புதனன்று கடந்து வந்த சோலேயா பள்ளத்தாக்கு. நகரத்தின் பெரிய கோபுரங்கள் மற்றவர்களுக்குப் போனபோது, தாய்மொழி ஜெபம் மலையில் ஓட்டு வீடுகளுக்குள் தங்கியது.

அந்த ஆணைக்கு இருபது வருஷம் கழித்து, 1280இல், மூதுல்லாஸ்காரர் இயோவான்னிஸும் அவர் மனைவி இரினியும் கட்டிய மாதா கோயில்தான் நான் தேடிப்போனது. ஊரின் மேட்டில், படி ஏறிப் போக வேண்டும். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். சாவி வைத்திருக்கும் பாட்டி கீழே எபிதாஃபியோஸுக்குப் பூ கட்டப் போயிருக்கிறாராம். பெரிய வெள்ளியன்று அவரைக் கூப்பிட எனக்கு மனம் இல்லை, திரும்பிவிடுகிறேன் என்றேன். அதற்குள் ஒரு பையன் ஓடிவிட்டான்.

பத்து நிமிஷத்தில் அந்த அம்மா மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். கறுப்புப் பாவாடை, விரல் முழுக்கப் பச்சைக் கறை, எலுமிச்சைப் பூ வாசனை. மன்னிப்புக் கேட்டேன். “கொப்பியாஸ்தே” என்று மட்டும் சொல்லிக் கதவைத் திறந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது சைப்ரஸ்காரர்கள் சொல்லும் சொல் அது. வாருங்கள், வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று பொருள். தேதி தெரிந்த செங்குத்து மரக்கூரைக் கோயில்களில் இதுவரை தப்பியிருப்பவற்றில் இதுதான் மூத்தது. அதன் வாசலில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறார்.

உள்ளே இயோவான்னிஸும் இரினியும் சுவரில் நிற்கிறார்கள். இவர்கள் கையிலும் சின்னக் கோயில். பெதூலாஸின் குரு குடும்பத்துக்கு இவர்கள் கிட்டத்தட்ட 200 வருஷம் மூத்தவர்கள். ஆனாலும் அதே பாவனை: கட்டிவிட்டோம், ஏற்றுக்கொள்ளும். சுவரில் புனித ஜார்ஜ் குதிரை மேல். அவர் குத்துவது நாம் வழக்கமாகப் பார்க்கும் பறக்கும் நாகம் இல்லை. பாம்பு உடல், கிரீடம் வைத்த பெண் தலை. அந்த அம்மா அதைக் காட்டி முகத்தைச் சுளித்து, உடனே இரினியைக் காட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எங்களுக்குள் பொதுவான மொழி ஏதும் இல்லை. இந்தச் சாவி முன்பு தன் அம்மாவிடம் இருந்தது என்பதையும் கையாலேயே சொல்லிவிட்டார். பணம் நீட்டினேன், உண்டியலைக் காட்டினார். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பூ வேலைக்கு இறங்கிப் போனார்.

இந்த ஊரில் பைன் மரத்தைக் குடைந்து மாவு பிசையும் தொட்டி செய்வது பழைய கைத்தொழில். ஊர்ப் பெயர் போட்ட ஊற்றுத் தண்ணீர் பாட்டில் தீவு முழுக்க விற்கிறது. ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு மேடேறினேன்.

இரவு எட்டரைக்கு பெதூலாஸில் ஊர்வலம். பாடையை நான்கு பேர் தூக்க, சந்து சந்தாகப் போனோம். வாசலெல்லாம் மெழுகுவர்த்தி, சாம்பிராணிப் புகை. திரும்பி வந்ததும் கோயில் வாசலில் பாடையைக் கை நீட்டி உயர்த்திப் பிடித்தார்கள். ஊர் மொத்தமும் அதன் கீழே குனிந்து உள்ளே போயிற்று. நானும் போனேன். ஒரு எலுமிச்சைப் பூ தலையில் விழுந்தது.


நான்காம் நாள், சனி

காலை ஆராதனையில் முதல் உயிர்ப்பு. ‘கடவுளே, எழுந்தருளும்’ என்று பாடல் தொடங்கியதும் ஐகான்களின் கறுப்புத் துணி விழுந்தது. ஆண்கள் மர இருக்கைகளைத் தடதடவென்று அடித்தார்கள். பாதாளத்தின் கதவு உடையும் சத்தமாம். குருவானவர் வாரி இறைத்த வாசனை இலைகளைச் சிறுவர்கள் விழுந்து விழுந்து பொறுக்கினார்கள்.

பிறகு கலோபனயோத்திஸுக்கு வண்டியில் போனேன். ஊர் மேலே, செத்ராஹோஸ் ஆறு கீழே, நடுவே போய்வர ஒரு லிஃப்டே வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் புனித யோவான் லம்பதிஸ்திஸ் மடம். பக்கத்தில் கந்தக ஊற்று, காற்றில் அந்த வாடை.

மற்ற இரண்டும் வீடு என்றால் இது கூட்டுக் குடும்பம். ஒரே பெரிய மரக் கூரைக்குக் கீழே கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தெற்கே 11ஆம் நூற்றாண்டின் புனித இராக்லிதியோஸ் கோயில், குவிமாடத்தோடு. நடுவே புனித யோவானுக்கு. வடக்கே ‘லத்தீன் சிற்றாலயம்’ என்று பெயர் பெற்றது. மூன்றையும் வெயில் மழை படாமல் அணைத்துப் பிடித்திருக்கிறது அந்தக் கூரை.

நடுக்கோயிலில் யோவானின் கல்லறை. அவர் பக்கத்தில் லம்பாது என்ற ஊர்ப் பையன். பெற்றோர் ஒரு பெண்ணை நிச்சயம் செய்தார்கள், அவரோ துறவியாக வேண்டும் என்றார். பெண் வீட்டார் கோபத்தில் சாப்பாட்டில் விஷம் வைத்தார்கள், கண் போயிற்று. 22 வயதில் இறந்தார் என்று கதை. அவருடைய மண்டையோடு வெள்ளிப் பேழையில் இருக்கிறது. எனக்குக் கதையை விட அங்கே நின்றிருந்த ஓர் அம்மாதான் மனதில் நிற்கிறார். வாலிபனான தன் மகனின் தலையைப் பிடித்துக் கல்லறை மாடத்துக்குள் குனிய வைத்து, ஏதோ முணுமுணுத்தார். பையன் கூச்சத்தோடு ஒத்துழைத்தான்.

இராக்லிதியோஸ் கோயிலில் 13ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் பல. எருசலேமுக்குள் பவனி வரும் காட்சியில் மரத்தின் மேல் பிள்ளைகள். ஒரு வாரம் முன்பு குருத்தோலை ஞாயிறு கொண்டாடிவிட்டு வந்து அதைப் பார்க்க, படம் நேற்றைக்கு நடந்தது போல இருந்தது.

லத்தீன் சிற்றாலயத்துக்குள் கால் வைத்ததும் காற்றே மாறுகிறது. சுமார் 1500இல் தீட்டியவை. மாதாவைப் போற்றும் அகாதிஸ்து பாடலின் 24 சரணங்களும் 24 படங்களாக. மனிதர்களுக்கு உடல் கனம் வந்துவிட்டது, கட்டிடங்கள் பின்னால் தூரம் போகின்றன. வரைந்தவர் இத்தாலிய ஓவியத்தை நன்றாகப் பார்த்தவர். ஆனால் பாடல் இவர்களுடையது, எழுத்து கிரேக்கம். வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில் வந்த புதுக் கையெழுத்தையும் தங்கள் ஜெபத்துக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த மலை ஊர்களை ‘ஒதுங்கிக் கிடந்தவை’ என்று எழுதுகிறவர்கள் இந்த அறையில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

மாலை திரும்பினால் கிரியா வீட்டில் அடுப்பு ஓயவில்லை. ஃப்ளாவூனா என்ற ஈஸ்டர் பலகாரம்: பாலாடைக்கட்டி, முட்டை, புதினா, உலர்திராட்சை வைத்து மடித்துச் சுட்டது. வாசனை தெரு வரை. ஆனால் நள்ளிரவுக்கு முன் யாரும் வாயில் வைக்கக் கூடாது. முட்டைகள் சிவப்புச் சாயத்தில் கொதித்துக்கொண்டிருந்தன.

பதினொரு மணிக்குக் கோயில் முற்றத்தில் லம்ப்ராஜியா என்ற பெருந்தீ எரிந்தது. ஊர்ப் பையன்கள் வாரக்கணக்கில் சேர்த்த விறகு, உச்சியில் யூதாஸ் பொம்மை. தீயின் வெளிச்சத்தில் செர்ரிப் பூவெல்லாம் ஆரஞ்சாகிவிட்டது. நள்ளிரவுக்குச் சற்று முன் உள்ளே எல்லா விளக்கும் அணைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு சுடர் வந்தது. ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு. எனக்குச் சுடர் கொடுத்தது வியாழக்கிழமை அழுத அந்த மீசைக்காரர். “ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி” என்றார். கிறிஸ்து உயிர்த்தார். மெய்யாகவே உயிர்த்தார் என்று பதில் சொல்ல வேண்டும். “அலிதோஸ் அனேஸ்தி” என்று மூன்று நாளாகப் பழகி வைத்திருந்ததைச் சொன்னேன்.

அணையாமல் சுடரை வீடு வரை கொண்டுபோனோம், கையால் காற்றை மறைத்து மறைத்து. வாசலில் கிரியா நின்று, மெழுகுவர்த்தியை உயர்த்தி, நிலைப்படியின் மேல்கட்டையில் புகையால் சிலுவை போட்டார். அங்கே பழைய கறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அப்புறம் எலுமிச்சையும் முட்டையும் கலந்த சூடான சூப். மணி இரண்டு.


ஐந்தாம் நாள், ஈஸ்டர் ஞாயிறு

காலையில் ஊரே தூங்கியது. மதியம் எல்லா வீட்டு முற்றத்திலும் கரியடுப்பில் ஆட்டிறைச்சி சுழன்றது. நான்கு வீட்டிலிருந்து “கொப்பியாஸ்தே” வந்தது. மூன்று வீட்டில் சாப்பிட்டேன்.

மாலை ஆராதனைக்கு அன்பின் ஆராதனை என்று பெயர். அதில் யோவான் 20ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியைப் பல மொழிகளில் வாசிப்பது வழக்கம், செய்தி எல்லோருக்கும் போய்ச் சேரட்டும் என்று. தொடங்கும் முன் குருவானவர் என்னிடம் வந்து, உங்கள் மொழியில் வாசிப்பீர்களா என்று கேட்டார். சாவிக்காரப் பெரியவர் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

கிரேக்கம், ஆங்கிலம், அப்புறம் யாரோ ஒரு பெண் ருஷ்ய மொழியில். பிறகு நான். கைபேசியில் வேதத்தைத் திறந்து வைத்திருந்தேன், ஆனால் அவ்வளவாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த பகுதி. சாயங்கால வேளை, சீஷர்கள் பயந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர் நடுவே வந்து நின்று சமாதானம் சொல்கிறார். பூட்டிய கதவு என்ற இடத்தில் என் குரல் தடுமாறியது. எதிரே நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் முடியும்வரை யாரும் அசையவில்லை. சமாதானம் என்ற சொல் இந்த மலையில் தமிழில் கேட்டது எனக்கு மட்டுமே தெரிந்த சத்தம்.

வெளியே வந்ததும் பெரியவர் ஒரு சிவப்பு முட்டையை நீட்டினார். என் கையில் ஒன்று, அவர் கையில் ஒன்று. முனையோடு முனை மோதினோம், என்னுடையது உடைந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, “நாளைக் காலை கிளம்புகிறாய் அல்லவா?” என்றார்.

கீழே இறங்கி மிகாவேல் கோயிலுக்குப் போனோம். அவர் விளக்கு போடவில்லை. நேற்றைய சுடரிலிருந்து தன் வீட்டு விளக்கில் பத்திரப்படுத்தியிருந்த தீயை ஒரு சின்ன லாந்தரில் கொண்டு வந்திருந்தார். வடக்குச் சுவருக்குப் பக்கத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார். பசிலியோஸ், அவர் மனைவி, இரண்டு பெண்கள். வெளிச்சம் ஆடியதில் சின்னவளின் முகம் ஒரு முறை துலங்கியது. பெரியவர் அவர்களைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்வது போல, “ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி” என்றார்.